பச்சைப் பலகை

காலையில் எழுந்ததும் வாசனை இல்லாத சோப்பில் குளிப்பேன். தலைக்கு எண்ணெய் கிடையாது, முகத்துக்குப் பவுடர் கிடையாது. பாலைக் காய்ச்சிக் குடித்து, வெந்நீரில் வாய் கொப்பளித்து, சட்டையை உதறிப் போட்டுக்கொண்டு கிளம்புவேன். சீரகத்தின் தரம் பார்க்கிறவன்மேல் வேறு எந்த வாசனையும் இருக்கக் கூடாது. இன்றைக்கும் அப்படித்தான் கிளம்பினேன். அதனால் ஏதோ ஆத்திரத்தில் செய்துவிட்டேன் என்று எழுதிக்கொள்ளாதீர்கள், சார்.

கப்பலேறும் சீரகத்தில் தண்டு, தூசு, மண் எல்லாம் சேர்ந்து நூறு கிலோவுக்கு அரை கிலோ இருக்கலாம். அதற்கு மேல் போனால் வாங்குகிறவன் அப்படியே திருப்பி அனுப்பிவிடுவான். ஒரு வண்டு உயிரோடு இருந்தாலும் அதே கதிதான். அதற்காகத்தான் கிடங்கை அடைத்து மருந்து வைக்கிறோம். மருந்து என்று நாங்கள் சொல்வது விஷவாயு. சில நாள் கழித்துக் கதவைத் திறந்து காற்றோட விட்டு, வாயுவை அளக்கும் மீட்டரைக் கொண்டுபோய் மூலை மூலையாகப் பார்க்க வேண்டும். எண் பூஜ்யத்துக்கு வந்தால் கதவில் தொங்கும் சிவப்புப் பலகையைக் கழற்றிப் பச்சைப் பலகையை மாட்டலாம். மீட்டரும் பலகைகளும் என் பொறுப்பு. அவற்றை வைத்திருக்கும் அலமாரியின் சாவி என்னிடம் மட்டும்தான் இருக்கிறது.

மருந்துக்கு லேசான பூண்டு நாற்றம் உண்டு. வெறும் அறையில் தெரியும். சீரகக் கிடங்கில் தெரியாது. சீரகம் அதை மூடிவிடும்.

மேனேஜருக்கு இது மண்டையில் ஏறாது. மூக்கை வைத்தே இந்தத் தொழிலில் முன்னுக்கு வந்தவர். ஒரு கை அள்ளி உள்ளங்கையில் தேய்த்து முகர்ந்தால், புதுச் சரக்கா பழசைக் கலந்ததா என்று சொல்லிவிடுவார். "உன் மீட்டர் பேட்டரியில ஓடுது தம்பி. என் மூக்கு காபியில ஓடுது" என்பார்.

என் மனைவியும் அங்கேதான் வேலை பார்த்தாள். மூட்டைக்குள் குத்தூசியைச் செருகி மாதிரி எடுப்பாள். மேனேஜரை மூக்கு மாமா என்பாள், அவர் காதில் விழும்படியே. என்னையும் விட்டுவைத்ததில்லை. "எங்க வீட்டுக்காரர் என்னையே சல்லடையில சலிச்சுப் பார்த்துட்டுத்தான் கட்டிக்கிட்டார்" என்று எல்லோரும் சாப்பிடும்போது சொல்லுவாள். நான் சிரிப்பேன். அப்போது சிரிப்பு வந்தது.

போன வருடம் ஒருநாள் லாரி வாசலில் நின்றுகொண்டிருந்தது. மேனேஜர் மாடிப்படியில் நின்று கத்தினார். "இன்னும் எவ்வளவு நேரம் அந்த டப்பாவைத் தூக்கிக்கிட்டு நிப்பே? மாதிரி எடுக்க ஆளை அனுப்பு." கொஞ்ச நேரத்தில் பச்சைப் பலகை மாட்டப்பட்டது. அவள் குத்தூசியோடு உள்ளே போனாள். மறுநாள் ஆஸ்பத்திரியில் இறந்தாள்.

விசாரணையில் பலகையைப் பற்றிக் கேட்டார்கள். மேனேஜர் அவசரப்படுத்தினார் என்றேன். உண்மைதானே. "மூக்கு மாமாதான் போகச் சொன்னார்" என்று அவள் சாகும்போது சொன்னதாகவும் சொன்னேன். மாமனாரிடமும் அதையே சொன்னேன். சொல்லச் சொல்ல, அது அவள் குரலிலேயே எனக்குக் கேட்க ஆரம்பித்தது. கடைசியில் விபத்து என்று முடித்துவிட்டார்கள்.

மேனேஜர் அழுதார். அதன்பிறகு தினமும் தன் வீட்டிலிருந்து எனக்கும் சேர்த்துச் சாப்பாடு கொண்டுவந்தார். நானும் சாப்பிட்டேன். "இனிமே நீ பலகை மாட்டாம என் நிழல்கூட உள்ள போகாது தம்பி" என்றார். அப்படியே நடந்தும் காட்டினார். மனுஷன் திருந்திவிட்டார் என்று எல்லோரும் சொன்னார்கள். திருந்துவதற்கு அவருக்கு மூச்சு இருந்தது. அவளுக்கு இல்லை.

இன்று காலை கிடங்கில் மருந்து குறையாமல் இருந்தது. மாதிரி எடுக்க வந்திருக்கும் புதுப் பெண்ணை டீ குடிக்க அனுப்பினேன். அவளுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. சிவப்பைக் கழற்றிப் பச்சையை மாட்டி, பூட்டைத் திறந்து வைத்தேன். மேனேஜர் வந்தார். பலகையைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"பார்த்துட்டியா தம்பி?"

"பார்த்துட்டேன் சார்."

"சாப்பிட்டியா?"

"இன்னும் இல்ல."

"மேசைமேல வச்சிருக்கேன். ஆறிடப் போகுது, போ."

சரக்கை முகர்ந்து பார்க்க உள்ளே போனார். கதவைச் சாத்தித் தாழ் போட்டேன். சரக்கில் வெளித்தூசு படக் கூடாது.

கொஞ்ச நேரத்தில் தட்டினார். முதலில் நான் கிண்டல் செய்வதாக நினைத்தார் போலிருக்கிறது. "விளையாடாத தம்பி, எனக்கு வயசாகுது" என்றார். பிறகு இருமல் கேட்டது. பிறகும் தம்பி என்றுதான் கூப்பிட்டார். நான் மேசைக்குப் போய்ச் சாப்பிட்டேன். உப்பு கொஞ்சம் தூக்கல். பாத்திரத்தைக் கழுவித் துடைத்து வைத்திருக்கிறேன், அவர் மனைவியிடம் சேர்த்துவிடுங்கள். அதன்பிறகு போய்க் கதவில் காது வைத்துப் பார்த்தேன். சத்தம் இல்லை. உங்களுக்குப் போன் செய்தேன்.

ஆமாம், கொன்றது நான்தான். அவளுக்காகச் செய்தேன். அவள் சாகும்போது சொன்னதை வைத்துத்தான் செய்தேன்.

அவள் அப்படியா சொன்னாள் என்று திரும்பத் திரும்பக் கேட்கிறீர்கள். சரி. மேனேஜர் போகச் சொன்னார் என்று அவள் சொல்லவில்லை. இன்னும் கொஞ்சம் மூச்சு இருந்திருந்தால் சொல்லியிருப்பாள். என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். முகத்தில் கோபம் இல்லை, தன்மேல்தான் ஏதோ தப்பு என்பதுபோல ஒரு பார்வை. கடைசியாகச் சொன்னது இவ்வளவுதான்:

"நீங்க மாட்டின பலகைதானேன்னுதாங்க உள்ள போனேன்."