சுண்டுவிரல் வரை

இன்றைக்குக் காபி நான்தான் போட்டேன், கனிமொழி. டிகாஷன் கொஞ்சம் தண்ணீராக இறங்கிவிட்டது, பொறுத்துக்கொள். உன் அத்தைக்கு முந்தாநாளிலிருந்து உடம்பு அசதி, மேலே படுத்திருக்கிறாள். படுத்திருக்கட்டும்.

பாண்டிச்சேரியிலிருந்து பஸ் பிடித்து வந்தவள், செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலில் நின்றே கேட்டாய். "அப்பாவோட மாத்திர அட்ட எங்க மாமா?" வருஷ திதிக்குப் படைக்க அவர் பெட்டியைத் திறந்தாயாம். கடைசியாகப் போட்டிருந்த சட்டை இருந்ததாம். நீயே தைத்துக்கொடுத்த உள்பை காலியாக இருந்ததாம். நர்ஸ் வேலை பார்க்கிற பெண் கேட்கவேண்டிய கேள்விதான். பதில் சொல்கிறேன். ஆனால் முதலிலிருந்து கேட்டால்தான் விளங்கும். கேட்டு முடித்தபிறகு உனக்கு என் மேல் வருத்தம் இருக்காது.

அக்குபங்சர் என்றால் ஊசி குத்துவது என்றுதான் ஊருக்குத் தெரியும். எனக்கு ஊசி முக்கியமே இல்லை. உடம்பில் பாதைகள் ஓடுகின்றன என்று பழைய சீன வைத்தியர்கள் படம் வரைந்து வைத்தார்கள். மெரிடியன் என்பார்கள். அறுத்துப் பார்த்தால் அந்தக் கோட்டில் தனியாக நரம்பும் இல்லை, ரத்தக்குழாயும் இல்லை. அப்படியானால் ஓடுவது எது? தசையைச் சுற்றியிருக்கும் சவ்வா, அதில் ஊறுகிற நீரா, நீர் கடத்துகிற மின்சாரமா? பௌதிகம் படித்தவன் இதைக் கேட்காமல் இருக்கமுடியாது. கோட்டின் மேல் தோலின் மின்தடை குறைவாக இருக்கும் என்று சிலர் எழுதினார்கள். சும்மா கதை என்று சிலர் எழுதினார்கள். அளந்து பார்த்துவிடலாமே என்று நினைத்தேன். என்னுடைய தப்பு அவ்வளவுதான்.

அதற்கே கல்லூரியில் எனக்கு 'ஊசி மணவாளன்' என்று பெயர் வைத்தார்கள். ஆராய்ச்சிக்கு அனுமதி கேட்டுப் போனபோது துறைத் தலைவர் அன்பரசு தாளைப் படிக்கக்கூட இல்லை. "சார், ரிட்டயர் ஆகப்போறீங்க. ஜாதகம் பாருங்க, ரேக பாருங்க, நாலு பேரு வருவாங்க. இது இன்னாத்துக்கு?" என்றார். அறையிலிருந்த எல்லோரும் சிரித்தார்கள். நான் பாடம் சொல்லிக்கொடுத்த பையன்கள் இரண்டு பேர் அதில் இருந்தார்கள். ஊர் வாயை மூட உலைமூடி உண்டா என்று வெளியே வந்துவிட்டேன். ஆனால் அந்தச் சிரிப்பு என்னோடு வீட்டுக்கு வந்தது. இன்றுவரை போகவில்லை.

ஓய்வுபெற்ற பிறகு இந்த அண்ணாமலை நகர் வீட்டிலேயே, கீழறையில் ஏ.சி. போட்டுக் கருவிகளை வைத்தேன். இந்த வேலைக்கு ஒரே எதிரி வியர்வை. தோல் நனைந்தால் மின்தடை விழுந்துவிடும். கோட்டின் மேலே அளந்தாலும் கோட்டுக்கு வெளியே அளந்தாலும் ஒரே எண்தான் வரும். நம் ஊர் உப்புக்காற்றில் வியர்க்காத மனிதனுக்கு எங்கே போவது? விடுதி மாணவர்களைக் கூப்பிட்டு அளந்தேன். பிரியாணி சாப்பிட்டுவிட்டுப் போனார்கள். ஒன்றும் கிடைக்கவில்லை.

அப்போதுதான் உன் அப்பா முழங்கால் வலி என்று வந்தார்.

முழங்காலுக்குக் கீழே ஓர் ஊசி வைத்தேன். கொஞ்ச நேரத்தில், "மாப்ள, எறும்பு ஊர்ற மாதிரி மேல ஏறுது, தட்டிவுடுங்க" என்றார். எறும்பு எதுவும் இல்லை. பேனாவைக் கொடுத்து, ஊர்கிற வழியை வரையச் சொன்னேன். முதுநகர்த் துறைமுகத்தில் விசைப்படகு இன்ஜினைத் தவிர வேறு எதையும் பார்த்திராத சுப்புராயன் மச்சான், சீனப் படத்தில் இருக்கிற பாதையைத் தன் தொடையில் வளைவு மாறாமல் வரைந்தார். நான் அழுதுவிட்டேன். அவர் பயந்துபோனார். "இன்னா மாப்ள, எதுனா கெட்ட வியாதியா?" என்றார்.

அதற்குப் பிறகு அவர் வாராவாரம் வந்தது உனக்குத் தெரியும். வரும்போதெல்லாம் சங்கரா மீனோ வவ்வால் மீனோ கையில் இருக்கும். அண்ணனைப் பார்க்கிற சந்தோஷத்தில் உன் அத்தை பத்து வயது குறைந்தவள்போல ஓடியாடுவாள். என்னைப் பற்றி ஆயிரம் பேர் ஆயிரம் சொன்னாலும் அவர் ஒருவர்தான் சிரிக்கவில்லை. "நம்ம மாப்ளைக்கு ஒரு பேரு கெடைக்கணும்" என்று பஸ்சில் பக்கத்து சீட்டுக்காரனிடம்கூடச் சொல்வாராம். அவர் மேல் எனக்குப் பாசம் இல்லை என்று மட்டும் யாரும் சொல்லக்கூடாது.

ஒரு நாள் பஸ்ஸுக்கு ஓடி ஏறி வந்தாராம். நீ இப்போது உட்கார்ந்திருக்கிற நாற்காலியில் உட்கார்ந்து நெஞ்சைத் தடவிக்கொண்டார். "இழுத்துப் புடிக்குது மாப்ள. அக்குள்லேந்து சுண்டுவெரல் வரைக்கும் கம்பி வுட்டாப்ல இருக்குது" என்றார்.

அக்குளில் தொடங்கி, கையின் உட்பக்கமாக இறங்கி, சுண்டுவிரலில் முடிவது சீனப் படத்தில் இதயத்தின் பாதை. நீ வேறுமாதிரி படித்திருப்பாய். இதயத்தின் நரம்பும் கையின் நரம்பும் தண்டுவடத்தில் ஒரே இடத்தில் சேர்வதால் மூளை ஏமாந்துபோகிறது என்று பாடப்புத்தகம் இரண்டு வரியில் முடித்துவிடும். நானும் படித்தவன்தான். அது மாரடைப்புக்கு முன்னால் வருகிற வலி என்று அந்த நிமிடமே எனக்குத் தெரியும்.

"வாயுதான் மச்சான்" என்றேன்.

நம் ஊரில் அந்த ஒரு சொல் போதும். உன் அத்தை ஓமம் கொதிக்கவைத்துக் கொடுத்தாள். அவர் ஏப்பம் விட்டு, சரியாகிவிட்டது என்றார். எனக்கு அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை. வலி அந்தக் கோட்டில் ஓடும்போது அதன் மின்தடையை உலகத்தில் யாராவது அளந்திருப்பார்களா? யாரும் அளந்திருக்கமாட்டார்கள். வலி வந்தவனை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடத்தான் எல்லோருக்கும் தெரியும்.

நீ கெட்டிக்காரி. எப்படியோ மோப்பம் பிடித்து பாண்டிச்சேரியில் டாக்டரிடம் காட்டினாய். அடைப்பு இருக்கும், ஆஞ்சியோ எடுக்கவேண்டும் என்றார்கள். நாக்குக்கு அடியில் வைக்கிற மாத்திரை கொடுத்தார்கள். மீன்பிடித் தடைக்காலம் முடியட்டும், படகெல்லாம் இன்ஜின் பழுதுபார்க்கக் கரையேறியிருக்கிறது, இப்போது வேலையை விட்டால் பிழைப்பு போச்சு என்று உன்னிடம் அவர் சாதித்தார் அல்லவா? அந்த யோசனையைச் சொன்னது நான்தான். அடைப்பை எடுத்துவிட்டால் வலி நின்றுபோகும். அப்புறம் எதை அளப்பது?

அந்த வாரமே கருவிகளையும் ஏ.சி.யையும் மாடிக்கு மாற்றினேன். கீழே தெருச்சத்தம் ஜாஸ்தி என்று உன் அத்தையிடம் சொன்னேன். உண்மையில், சும்மா உட்கார்ந்திருந்தால் அந்தக் கோடு விழிக்காது. படியேறினால்தான் விழிக்கும். முதல் இரண்டு தடவை விழித்தது. ஆனால் அவர் சட்டென்று மாத்திரையை நாக்குக்கு அடியில் வைத்துக்கொண்டார்; நான் கருவியை முடுக்குவதற்குள் எல்லாம் அடங்கிவிட்டது. அதனால் மூன்றாவது தடவை அட்டையை முதலிலேயே வாங்கி என் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். "அளவு முடிஞ்சதும் தரேன் மச்சான்" என்றேன். உள்பையிலிருந்து எடுத்துக் கொடுத்தார்.

காலைநேரம்தான். உன் அத்தை கீழே, அவர் கொண்டுவந்த சங்கராவை அலசிக்கொண்டிருந்தாள். ஒரு தடவை ஏறி வந்தவரை இறங்கி இன்னொரு தடவை ஏறச் சொன்னேன். "இன்னா மாப்ள, மலைக்கா போறோம், இப்டி ஏத்தறீங்க?" என்று சிரித்துக்கொண்டேதான் ஏறினார். படுக்கவைத்தேன். ஈ.சி.ஜி.க்கு ஒட்டுவீர்களே, அந்த மாதிரி வில்லைகளைக் கோட்டின்மேல் ஒரு வரிசையும், ஒப்பிட்டுப் பார்க்க இரண்டு விரல் தள்ளி ஒரு வரிசையும் ஒட்டினேன்.

எண்கள் இறங்கத் தொடங்கின. இத்தனை வருடமாக நான் காத்திருந்தது என் கண்ணெதிரே இறங்கியது.

"மாப்ள, அந்த மாத்திரைய குடுங்க."

"கொஞ்சம் பொறுங்க மச்சான். இப்பத்தான் வருது."

"வருதா?" என்றார். அந்த வேதனையிலும் அவர் முகத்தில் ஒரு சந்தோஷம் வந்தது, கனி. அதை நீ தெரிந்துகொள்ளவேண்டும். அதற்குப் பிறகு அவர் கேட்கவில்லை. என் சட்டைப் பையைப் பார்த்தார், அவ்வளவுதான். கேட்டிருந்தால் கொடுத்திருப்பேன் என்றுதான் நினைக்கிறேன். பிறகு பார்க்கவும் இல்லை. எண்கள் நின்றபிறகு ஆம்புலன்சுக்குச் சொன்னேன். ஆஸ்பத்திரியில் எல்லோரும் என் கையைப் பிடித்துக்கொண்டு ஆறுதல் சொன்னார்கள்.

கேட்டாயே, அட்டை இதோ. இரண்டு மாத்திரைதான் குறையும். நான் தூக்கிப்போட்டிருக்கலாம். ஒளிக்கவேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. நான்தான் கொடுக்கவில்லை. என்னால்தான் அவர் செத்தார். அந்த எண்களை வைத்து ஆராய்ச்சிப் பத்திரிகைக்கு எழுதிய கட்டுரையில் என் பெயருக்கு முன்னால் அவர் பெயரைப் போட்டிருக்கிறேன். மெக்கானிக்குக்கு அந்த மரியாதையை வேறு யார் செய்வார்கள்?

கட்டுரை திரும்பி வந்துவிட்டது. அங்கேயும் அன்பரசுகள்தான் உட்கார்ந்திருக்கிறார்கள். நெஞ்சு வலியில் மனிதனுக்குக் குப்பென்று வியர்க்குமாம். வியர்த்தால் மின்தடை விழுமாம். இது பால்குடிக்கிற பிள்ளைக்குத் தெரியுமாம். தள்ளி ஒட்டிய வரிசையிலும் எண்கள் அதே அளவு விழுந்திருப்பதை எடுத்துக்காட்டியிருக்கிறார்கள். விழுந்தது உண்மைதான். அவர் சட்டை பிழிகிற மாதிரி நனைந்திருந்ததும் உண்மைதான். அந்த வரிசையை நான் சரியாக ஒட்டவில்லை என்று நினைக்கிறேன். வேறு காரணம் இருக்கமுடியாது. கடைசியில், ஒரே ஒரு ஆளை வைத்து எதையும் நிறுவமுடியாது என்றும் எழுதியிருந்தார்கள். அதில் மட்டும் நியாயம் இருக்கிறது. ஒரு ஆள் போதாது.

இது உங்கள் குடும்பத்து ரத்தத்தில் ஓடுகிற விஷயம் என்பது எனக்கு முன்னாலேயே தோன்றியிருக்கவேண்டும். முந்தாநாள் உன் அத்தை மொட்டைமாடியில் துணி காயப்போட்டுவிட்டு இறங்கி வந்தாள். இடது கையைத் தேய்த்துக்கொண்டே, "என்னங்க, சுண்டுவெரல் வரைக்கும் இழுக்குது" என்றாள். ஓமம் கொதிக்கவைத்து நானே கொடுத்தேன். டாக்டரிடம் கூட்டிப்போகாமல் இருப்பேனா? கூட்டிப்போகிறேன், ஓர் அளவு எடுத்துவிட்டு. இந்தத் தடவை ஏ.சி.யை நன்றாகக் குறைத்து வைத்திருக்கிறேன். இரண்டு வரிசையையும் பசை தடவிப் பார்த்துப் பார்த்து ஒட்டியிருக்கிறேன். நீ வந்து மணியடித்தாய். நடுவில் எழுந்து வரவேண்டியதாகிவிட்டது.

ஏன் எழுந்துவிட்டாய்? காபியைக் குடி. கனி, படியில் அப்படித் தடதடவென்று ஏறாதே. உன் அத்தை பதறினால் வியர்த்துவிடும்.