தரைப்பலகையில் சின்ன ஓட்டைகள்

இந்த அறை எனக்குக் கொஞ்சம் சூடு அதிகம். தவறாக நினைக்காதீர்கள், காபி நன்றாகவே இருக்கிறது. எங்கள் வீட்டில் ஹீட்டரைக் குறைத்தே வைப்போம், அந்தப் பழக்கம். என் மனைவி வில்லமைனின் செல்லோவில் கட்டியிருப்பது ஆட்டுக்குடல் நரம்பு. அறை காய்ந்தால் அறுந்துவிடும், ஈரம் ஏறினால் சுருதி ஓடிவிடும். அதனால் ஜன்னலையும் திறப்பதில்லை. கல்யாணமான நாளிலிருந்து உத்ரெக்ட்டின் காற்று எங்கள் முன்னறைக்குள் வந்ததில்லை.

அவள் தங்கை ட்ரைன் வந்தால் கோட்டைக் கழற்றாமலே உட்காருவாள். “யோஸ்ட், நீ கட்டிக்கிட்டது எங்க அக்காவையா, ஆட்டுக்குடலையா?” என்று கேட்பாள்.

“ஆட்டுக்காவது கம்பளி இருந்துச்சுடி” என்பாள் வில்லமைன்.

நானும் கூடவே சிரித்திருக்கிறேன். நான் கடுமையான ஆள் இல்லை.

ஹேக் நகரத்து இசைக்கல்லூரியில் நான் ஹார்ப்சிகார்ட், பியானோவுக்கு முந்தைய அந்தக் கம்பி வாத்தியம், வாசித்துக்கொண்டிருந்தபோது அவள் மாணவி. எல்லோரையும் போலத்தான் வாசித்தாள். எஃகுக் கம்பி, செல்லோவின் அடியில் தரையில் குத்தி நிற்கும் இரும்பு முள், எந்த ஸ்வரத்தையும் நேராக நிற்க விடாமல் நடுங்கிக்கொண்டே இருக்கும் இடது கை. முந்நூறு வருஷத்துக்கு முன் எழுதிய இசைக்கு அந்த நடுக்கம் தேவையில்லை. சாதத்தின் மேல் சர்க்கரை தூவுவது போல அது. முதலில் முள்ளைக் கழற்றச் சொன்னேன். கெண்டைக்கால்களுக்கு நடுவில் வாத்தியத்தை இடுக்கிக்கொள்ளப் பழகினாள். பிறகு கம்பிக்குப் பதில் நரம்பு, பழைய வில், பழைய சுருதி. கைதான் கடைசிவரை அடங்கவில்லை. அது நடுங்கும்போதெல்லாம் மணிக்கட்டின் மேல் என் விரலை வைப்பேன். வைப்பேன், அவ்வளவுதான். அழுத்தியதில்லை.

அதற்குப் பலன் கிடைத்தது. தேவாலயங்களில் அவளுக்காகக் கூட்டம் வந்தது. அவள் செல்லோ பாடுவதில்லை, பேசுகிறது என்று பத்திரிகைகளில் எழுதினார்கள். எந்த ஊரில் வாசிப்பது, எதை வாசிப்பது, யாருக்கு என்ன பதில் சொல்வது, எல்லாவற்றையும் நான் பார்த்துக்கொண்டேன். அவள் வாசித்தால் போதும். அந்தச் சுதந்திரம் எத்தனை கலைஞர்களுக்குக் கிடைக்கிறது?

வீட்டில் அவள் பேச்சு குறைந்துகொண்டே வந்தது. காலையில் ரொட்டியின் மேல் கத்தி உரசும் சத்தம் மட்டும்தான் இருக்கும். அதைப் பக்குவம் என்று எடுத்துக்கொண்டேன்.

இந்த இலையுதிர்காலத்தில் ஹார்ப்சிகார்டின் கம்பிகளை மீட்டும் காக்கை இறகுத் துண்டுகள் இருந்த பெட்டியைத் தேடி மச்சு அறைக்கு ஏறினேன். கம்பளம் கொஞ்சம் விலகியிருந்தது. அடியில், நாற்காலிக்கு முன்னால், தரைப்பலகையில் சின்னச் சின்ன ஓட்டைகள். வேறு யாராவது பார்த்தால் பூச்சி அரித்தது என்று நினைப்பார்கள். எங்கள் தொழிலில் இருப்பவனுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. செல்லோவின் முள் குத்திய தடம் அது. அவள் செல்லோவில் முள்ளே கிடையாது.

அந்த நாற்காலியில் நெடுநேரம் உட்கார்ந்திருந்தேன். நான் கச்சேரிக்கு வெளியூர் போன நாட்களில் எல்லாம் அவள் இங்கே உட்கார்ந்து கையை நடுங்க விட்டிருக்கிறாள். வேறொருவனை வீட்டுக்குள் விட்டிருந்தால்கூட எனக்குப் புரிந்திருக்கும்.

பட்டாணி சூப் சாப்பிடும்போது கேட்டேன்.

“மேல வாசிக்கிறது யாரோட செல்லோ?”

அவள் கரண்டியை வைத்தாள். “வாடகைக்கு எடுத்தேன். வெள்ளிக்கிழமை ராட்டர்டாம்ல ஆர்கெஸ்ட்ராவுக்கு ஆள் எடுக்கிறாங்க. போறேன். கிடைச்சா அங்கேயே இருந்துடுவேன்.”

“எஃகுக் கம்பியில? கை நடுங்க?”

“ஆமா. நல்லா நடுங்கத்தான் வாசிப்பேன்.” சூப் கிண்ணத்தை இரண்டு கைகளாலும் பற்றிக்கொண்டாள். “எனக்குக் குளிருது, யோஸ்ட். இத்தனை வருஷமா குளிருது.”

நான் சத்தம் போடவில்லை. சூப்பைக் குடித்து முடித்தேன். கிண்ணங்களைக் கழுவி வைத்தேன்.

வியாழக்கிழமை காலை ஹார்ப்சிகார்டில் ஒரு பித்தளைக் கம்பி அறுந்திருந்தது. புதுக் கம்பி போட இரண்டு பேர் வேண்டும். நான் முன்பக்கம் முறுக்காணியைத் திருப்புவேன். கம்பியின் மறுமுனைச் சுருக்கு ஆணியை விட்டு நழுவாமல் இன்னொருவர் வாத்தியத்துக்குள் கையை விட்டுப் பிடித்துக்கொள்ள வேண்டும். எப்போதும் வில்லமைன்தான் பிடிப்பாள். இடது கையால்.

அன்றைக்கும் கூப்பிட்டதும் வந்தாள். பயணப்பெட்டி வாசலில் இருந்தது. “ராட்டர்டாம்ல யாரும் என்னைக் கம்பி பிடிக்கக் கூப்பிட மாட்டாங்க” என்று சிரித்தாள். பிறகு, “நான் போனப்புறம் யாரைக் கூப்பிடுவ?” என்று கேட்டாள். அந்தக் கேள்வியில் அக்கறை இருந்தது. அதை நான் மறுக்க மாட்டேன்.

ஹார்ப்சிகார்டின் மூடியைப் பார்த்திருப்பீர்கள். ஆள் நீளத்துக்குக் கனமான பலகை. ஒரே ஒரு குச்சிதான் அதைத் தாங்கி நிற்கும், முறுக்காணிப் பக்கம் நிற்பவனின் கைக்கு எட்டும் தூரத்தில்.

குச்சி வழுக்கிவிட்டது என்று மருத்துவமனையில் அவளே சொன்னாள். விசாரிக்கப் போன உங்களிடமும் அதைத்தான் சொல்லியிருக்கிறாள். பயத்தில் சொல்கிறாள் என்கிறாள் ட்ரைன். நீங்களும் அப்படித்தான் நினைக்கிறீர்கள், உங்கள் முகத்தில் தெரிகிறது. என்னைப் புரிந்துகொண்டதால் சொன்னாள் என்று நான் நினைக்கிறேன். எப்படியானாலும் அவள் எனக்காகப் பொய் சொல்வதை நான் விரும்பவில்லை. எங்கள் வீட்டில் பொய்க்கு இடமில்லை.

குச்சி வழுக்கவில்லை. நான்தான் எடுத்தேன். கம்பியும் தானாக அறுந்ததில்லை, அவள் குளித்துக்கொண்டிருந்தபோது நான் வெட்டியது. விழுந்த மூடியின் மேல் இரண்டு கைகளையும் வைத்துக் கொஞ்ச நேரம் அழுத்தி நின்றேன். இல்லாவிட்டால் சீக்கிரமே கையை உருவிக்கொண்டிருப்பாள்.

ட்ரைன் இப்போது எங்கள் வீட்டில் இருந்தால் ஜன்னலைத் திறக்க வேண்டாம் என்று சொல்லுங்கள். நரம்புகள் கெட்டுவிடும்.

நேற்று அவள் கைக்கட்டைப் பிரித்தார்கள். நான் பக்கத்தில் இருந்தேன். விரல்கள் மடங்கவில்லை. கை அவள் மடியில் கிடந்தது, நேராக, துளி நடுக்கம் இல்லாமல். பழக்கத்தில் மணிக்கட்டின் மேல் என் விரலை வைத்தேன். இனி அவளைத் திருத்த வேண்டிய அவசியமே இல்லை.