நாற்பத்தொரு பொட்டுகள்

வெள்ளை நிறப் பொருட்கள் எனக்கு மிகவும் பிடிக்கும். தூசி இருந்தால் உடனே தெரிந்துவிடும் அல்லவா? ஐரிஷ் கைவினைக் கண்காட்சியில் என்னைக் காவலுக்குப் போட்டபோது சந்தோஷப்பட்டதற்கும் அதுதான் காரணம். பெயர் கமலேஸ்வரி, இருப்பது லண்டன் பிளேஸ்டோவில், இதுவரை என்மேல் ஒரு புகாரும் இல்லை. விசாரிக்கிற நீங்கள் இதையும் குறித்துக்கொண்டால் நல்லது.

மொத்தம் நாற்பத்திரண்டு பொருட்கள். நடுவில் ஒரு வெள்ளைப் பீங்கான் கிண்ணம், அப்பளத்தை விட மெல்லியது. முதல் நாள் பிற்பகல் ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி வந்து அதை உற்றுப் பார்த்து, "லவ்லி, லவ்லி, லவ்லி" என்று மூன்று தரம் சொன்னார். பத்தாவது நிமிடம் கிண்ணம் தரையில் சுக்குநூறாகக் கிடந்தது. எங்கள் வீட்டுப் பிள்ளையை ஒருவர் அப்படிப் பார்த்திருந்தால் அன்றைக்கே செத்தல் மிளகாய் சுற்றி நெருப்பில் போட்டிருப்போம். ஆனால் இங்கே புகை எழும்பினால் கூரையிலிருந்து தண்ணீர் கொட்டும். எனக்கும் பொறுப்பு உண்டு.

ஆகவே பொட்டு வைத்தேன். கண்ணூறு படாமல் குழந்தையின் கன்னத்தில் வைக்கிறோமே, அதே கறுப்புப் பொட்டு. மறுநாள் கதவு திறக்குமுன் மிச்சம் நாற்பத்தொன்றுக்கும் வைத்து முடித்தேன். கன்னம் எது என்று கண்டுபிடிப்பதுதான் சிரமம். கூஜாவுக்குச் சுலபம், மரநாற்காலியோடுதான் கனநேரம் மினக்கெட்டேன். வெள்ளிக் கரண்டியில் கண்மை நிற்கவில்லை என்பதால் என்னோடு காவலுக்கு நிற்கும் கொட்வினிடம் அழியாத மார்க்கர் இரவல் வாங்கினேன். லினன் துணியில் மட்டும் மை கொஞ்சம் பரவி, பருத்தித்துறை வடை அளவுக்கு வந்துவிட்டது. பெரிய துணி, தாங்கும்.

கொட்வின் கண்டுவிட்டார்.

"அக்கா, இது நீங்களோ கீறினது?"

"ஓம்."

"எல்லாத்திலயுமோ?"

"ஒண்டுக்கு வைச்சுப்போட்டு மற்றதுக்கு வைக்காமல் விட ஏலுமோ?"

அவர் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். அதுவும் காட்சிப் பொருள்தான். பொட்டு இருந்ததால் ஒன்றும் ஆகவில்லை.

இப்போது மார்க்கர் அவர் பையில் இருந்ததாம், கிண்ணம் விழுந்த நேரம் காவல் அவர் பெயரில் இருந்ததாம் என்று அவரை வேலையிலிருந்து நிறுத்தப் பார்க்கிறீர்கள். மனுஷன் மூன்று நாளாகச் சாப்பிடவில்லை என்று அவர் மனைவி பிறேமினி போனில் அழுதார். எனக்கு மனம் கேட்கவில்லை. மார்க்கரைத் திருப்பிக் கொடுத்தது நான். இரவல் பொருளை வைத்துக்கொள்கிற பழக்கம் எனக்கில்லை. அந்த நேரம் அவர் தேநீர் குடிக்கப் போயிருந்தார், அவருக்குப் பதிலாக அங்கே நின்றதும் நான்தான். கிண்ணத்துக்குப் பக்கத்தில் ஒரு தூசி தெரிந்தது. துடைத்துவிட்டுத் திரும்பினேன், அவ்வளவுதான்.

ஒன்றை மட்டும் யோசித்துப் பாருங்கள். பொட்டு வைத்த நாற்பத்தொன்றில் ஒன்றாவது உடைந்ததா? இல்லை. ஆகவே கிண்ணத்தை விழுத்தியது அந்தப் பெண்மணியின் கண்ணூறு. முழங்கை மட்டும் என்னுடையது.