விமானத்துக்கு வெள்ளையடித்த ஊர்

அவைக்குத் தலைமை ஏற்று அமர்ந்திருக்கும் ஊராட்சித் தலைவர் அவர்களே! அறிவுக்கண் திறக்கும் தலைமையாசிரியை அம்மா அவர்களே! வெயிலிலே வந்து வேர்வையிலே நனைந்தாலும் வேலியோரம் விலகாமல் நிற்கும் பெரியவர்களே! கடலைக் கொல்லையில் களையெடுப்பை நிறுத்திவிட்டுக் கைப்பிள்ளையோடு வந்திருக்கும் என் தாய்மார்களே! ஆலங்குடி பஸ்ஸில் நின்றுகொண்டே வந்து சேர்ந்த கீரமங்கலத்துச் சம்பந்திமார்களே! உங்கள் எல்லோருக்கும் பிரகதாம்பாளின் பணிவான கும்பிடு.

ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். என் கையில் மைக்கைக் கொடுத்தால் என் பேரப்பிள்ளைகளைப் பற்றித்தான் முதலில் பேசுவேன். பொறுத்தருள வேண்டும். மூத்தவன் நிலவழகன், ஓசூரில் சொந்தமாக லேத் பட்டறை வைத்து, நம் ஊர்ப் பிள்ளைகளுக்கே வேலை கொடுக்கிறான். அடுத்தவள் வனிதா, மாட்டு டாக்டர். குன்றாண்டார்கோவில் பக்கம் எந்தப் பசு கன்று போட்டாலும் அவளுக்குத்தான் போன். கடைக்குட்டி வசந்த், கபடியில் மாவட்டக் கோப்பை வாங்கியவன். இவர்களுக்கு நடுவே பிறந்தவள் கலைமதி. விமானம் பழுது பார்க்கும் படிப்புப் படித்து, பெங்களூரில் வேலை பார்க்கிறாள்.

என்ன அங்கிட்டு சிரிப்பு? காத்தாயி, ஒம் பேரனப் பத்தியும் சொல்றேன், பொறு! இப்ப அவன் அடிச்ச விசிலே போதும், ஊருக்குத் தெரியும்.

அன்பானவர்களே! என் முதுகுக்குப் பின்னால் பளபளவென்று நிற்கிறதே, இதன் பெயர் கிரண். நம் விமானப்படையில் ஓட்டப் படிக்கும் பிள்ளைகளுக்கான விமானம். கற்றுக்கொடுப்பவரும் கற்றுக்கொள்பவரும் உள்ளே பக்கத்தில் பக்கத்தில் உட்காருவார்களாம். அ, ஆ எழுதப் பழகிய சிலேட்டை நாம் மறந்துவிடலாம். ஆனால் அந்தச் சிலேட்டு இல்லாமல் எந்தப் படிப்பு வந்தது? எந்த வீரன் எந்தப் போர் விமானத்தில் ஏறினாலும், அவன் கை முதலில் நடுங்கியது இது போன்ற ஒரு விமானத்தில்தானே?

ஓய்வு கொடுத்த பிறகு, பிள்ளைகள் பார்த்து வளரட்டும் என்று இதை நம் பள்ளிக்குத் தந்தார்கள். நாம் என்ன செய்தோம்? இறக்கை நிழலில் ஆடு கட்டினோம். வாலிலே வேட்டி காயப்போட்டோம். மூக்குத் துவாரத்தில் மைனா குடித்தனம் நடத்தியது. தேனீ மட்டும்தான் முறையாக உள்ளே வேலை பார்த்தது!

பொங்கலுக்கு வந்த கலைமதி இதைப் பார்த்தாள். பார்த்தவள் வீட்டுக்கு வந்து சாப்பிடவில்லை. "அப்பத்தா, இத இப்பிடியே விட்டா மண்ணாப் போயிரும்" என்றாள். பழைய போர் விமானம் என்றால் பசி மறக்கும் கூட்டம் ஒன்று இருக்கிறது, அவளுடைய கூட்டாளிகள். லீவு நாளெல்லாம் ரயிலேறி வந்தார்கள். கூட்டைக் கலைக்காமல் தேனீயை இடம் மாற்றினார்கள். துருப்பிடித்த ஆணியை ஒவ்வொன்றாக எடுத்தார்கள். மங்கிப்போன கண்ணாடிக் கூண்டை மாதக்கணக்கில் தேய்த்துத் தேய்த்து, முகம் பார்க்கும் அளவுக்குக் கொண்டுவந்தார்கள்.

அப்போதுதான் தகவல் வந்தது. விமானப்படை அதிகாரிகள் வந்து பார்ப்பார்கள். உடம்பு நன்றாக இருந்தால் விமானம் இங்கேயே நிற்கும். அரித்துப் போயிருந்தால் வேறு ஊருக்குப் போய்விடும். அங்கே அதற்குக் கொட்டகையே போட்டு வைத்திருந்தார்கள். பூச்சுக்கு அடியில் அரிப்பு ஒளிந்திருக்கும் அல்லவா? அதனால் பழைய பெயிண்ட்டை முழுக்கச் சுரண்டி எடுத்துவிட்டு வெறும் தகட்டைக் காட்டச் சொன்னார்கள். டாக்டர் வந்தால் சட்டையைக் கழற்றிக் காட்டுகிறோமே, அது போல. அப்படியே சுரண்டி வைத்துவிட்டு, மறுநாள் வரும் அதிகாரிகளுக்கு வண்டி ஏற்பாடு செய்யத் திருச்சிக்குப் போனாள் கலைமதி.

இங்கேதான் நம் ஊர் நம் ஊராக நடந்துகொண்டது!

சாமி புறப்படுகிறது என்றால் நாம் என்ன செய்வோம்? சுவருக்கு வெள்ளை, வெள்ளைக்கு மேல் காவிப்பட்டை. பெரிய மனிதர்கள் வரும் நேரத்தில் விமானம் இப்படி மொட்டையாக நிற்கிறதே என்று மலையாண்டிக்கு மனசு கேட்கவில்லை. ஐயனார் கோயிலுக்கு வருசம் தவறாமல் வெள்ளையடிக்கிற கை அந்தக் கை. சுண்ணாம்பைக் கரைத்தார். மூக்கு முதல் வால் வரை அடித்தார். இறக்கையிலே காவிப்பட்டையும் இழுத்துவிட்டார். ஒருவராவது தடுத்தோமா? "அழகா இருக்குய்யா"ன்னு சொன்னதே நாமதானே!

அன்று சாயங்காலமே கலைமதி திரும்பி வந்து வண்டியை விட்டு இறங்கினாள். கையில் இருந்த பை கீழே விழுந்தது.

"யாரு மாமா இதுக்கு வெள்ளையடிச்சது?"

"நாந்தேன் தாயி. கோயிலுக்கு அடிக்கிறதவிட ஒரு பூச்சு கூடவே அடிச்சிருக்கேன். கூலியெல்லாம் வேண்டாம்."

"மாமா, இது இரும்பு இல்ல, அலுமினியம். சுண்ணாம்பு இதத் தின்னுரும்."

சுற்றி நின்ற கூட்டத்தில் ஒரு குரல்: "வெத்தலையில தடவி நாமளே திங்கிறோம், நம்மளத் தின்னுருச்சா?"

காத்தாயி விட்டாளா? "தின்னுச்சே! ஒன் வாயில பல்லு எங்கடா?"

சிரித்தோம். கலைமதி சிரிக்கவில்லை. இறக்கைக்கு அடியில் உட்கார்ந்து, சுண்ணாம்பு சொட்டும் தகட்டை உள்ளங்கையால் துடைத்துக்கொண்டே அழுதாள். மலையாண்டி வெள்ளையடிக்கும் மட்டையைக் கீழே போட்டார். பிறகு தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து நனைத்து, "என்ன செய்யணும், சொல்லுத்தா" என்றார்.

அவள் எழுந்தாள். "காயிறதுக்குள்ள கழுவணும் மாமா. தண்ணி, தண்ணி, நெறையத் தண்ணி! தேங்காநார் கூடாது, கீறிரும். பழைய பருத்தித் துணி மட்டும். அப்பறம் சுண்ணாம்புக் காரத்த முறிக்க வடிகட்டின புளித்தண்ணியில லேசா ஒரு ஒத்து, ஒடனே மறுபடியும் தண்ணி!"

என் தாய்மார்களே, அந்த மாலையை எந்த வாயால் பாடுவேன்? முந்திரித் தோப்பு மோட்டார் முழங்கியது. மருந்தடிக்கும் பம்ப்பைக் கழுவித் தோளில் மாட்டி வந்தார்கள் இளைஞர்கள். குடம் குடமாய்க் கொண்டுவந்தீர்கள். குழம்புக்கு வைத்திருந்த புளியைக் கொடுத்தீர்கள். உங்கள் வீட்டில் அன்றைக்கு வெறும் ரசமும் கிடையாது என்பது எனக்குத் தெரியும்! சாதி கேட்டோமா? சண்டை நினைத்தோமா? பேச்சுவார்த்தை இல்லாத பங்காளிகள் ஒரே இறக்கையின் இரண்டு பக்கமும் நின்று துடைத்தார்கள். மலையாண்டி விமானத்தின் வயிற்றுக்கு அடியில் மல்லாந்து படுத்து, வரிசை வரிசையான ஆணித் தலைகளை ஒவ்வொன்றாகத் துடைத்தார். சொட்டிய தண்ணீர் முழுக்க அவர் முகத்தில்தான்.

விடிந்தது. அதிகாரிகளுக்குத் தலைமையாக ஓர் அம்மா வந்தார்கள். தட்டிப் பார்த்தார்கள், தடவிப் பார்த்தார்கள், டார்ச் அடித்துப் பார்த்தார்கள். சக்கரம் மடங்கும் குழிக்குள் விரலை விட்டார்கள். விரலில் ஒட்டிக்கொண்டு வந்தது காவி.

"இது என்ன?"

கலைமதி சொன்னாள்: "என் தப்பு மேடம். வெறும் தகட்ட மூடி வைக்காம, யாருக்கும் எதுவும் சொல்லாமப் போனது நான்."

"பொய்ங்கம்மா!" பின்னாலிருந்து மலையாண்டி வந்தார். "அடிச்சது நான். புள்ளைய ஒண்ணும் சொல்லாதீங்க. வண்டிய மட்டும் கொண்டுபோயிராதீங்க. இதுக்கு நாங்க காவலு இருக்கோம்."

அந்த அம்மா அவரைப் பார்த்தார்கள். ஈரம் காயாத துணிகளோடு நின்ற நம்மைப் பார்த்தார்கள். பிறகு சொன்னார்கள்: "பல ஊர்ல இதத் தொட்டுத் தொடைக்க ஆள் தேடி அலையிறோம். இங்க, ஆசையில தொட வர்ற ஆளத் தடுக்கத்தான் ஆள் வேணும் போல. தகடு நல்லா இருக்கு. விமானம் இங்கேயே இருக்கட்டும்."

கேட்டீர்களா அந்தச் சொல்லை? இங்கேயே இருக்கட்டும்! இங்கேயே, நம் பிள்ளைகள் பிரேயருக்கு நிற்கும் இடத்திலே! இங்கேயே, கடலை காயும் மண்ணிலே! இன்று முறையான பெயிண்ட் பூசி, விமானப்படையின் மூவண்ண வட்டம் எழுதி நிற்கிறது. அந்த வட்டத்தின் வெள்ளையை மட்டும் மலையாண்டி கையாலேதான் பூசவேண்டும் என்று தூரிகையைக் கொடுத்தாள் கலைமதி. நடுங்காமல் பூசினார்!

அன்புடையீர்! பறக்காத விமானம் எதற்கு என்று சிலர் கேட்கிறார்கள். நாட்டைக் காத்தவருக்குப் பாடம் சொன்ன ஒன்று, காவல் இல்லாமல் கிடக்கலாமா? அது தன் வேலையை முடித்துவிட்டது. நம் வேலை இன்றைக்குத்தான் தொடங்குகிறது.

குடம் சுமந்த இடுப்புக்கு நன்றி. புளி கரைத்த கைக்கு நன்றி. ரயிலேறி வந்த பிள்ளைகளுக்கு நன்றி. பழியை ஏற்கப் போட்டி போட்ட அந்த இரண்டு பேரையும் பெற்ற வயிறுகளுக்கு நன்றி. பேசவிட்ட உங்களுக்குத் தலைவணங்கி விடை கேட்கிறேன்.

இன்னும் ஒன்றே ஒன்று. எங்கள் குடும்ப வாட்ஸ்அப்பில் இன்னும் அந்தக் காவிப்பட்டைப் படம்தான் கிடக்கிறது. ஓசூரில் அதைக் காட்டிக் காட்டிச் சிரிக்கிறார்களாம். யார் கையில் நல்ல போன் இருக்கிறது? புதுசாக ஒரு படம் எடுத்து இப்போதே போடுங்கள். மலையாண்டி, அங்கிட்டு ஏன்யா ஒளியிறீங்க? இறக்கைக்குக் கீழ வந்து நில்லுங்க!