முதுகில் வந்து நின்ற வைத்தியம்

"...கிரேக்கர் எழுதின வைத்தியத்தை அரபுக்காரர் மொழிபெயர்த்து, தங்கட அனுபவத்தையும் சேர்த்து ஐரோப்பாவுக்குத் திருப்பிக் குடுத்தவையாம். எல்லாம் சுத்தி வந்து கடைசியில என்ர முதுகில நிக்குது, அண்ணை!"

ஹம்பேர்க் எஸ்-பான் ரயிலில் எனக்கு முன்னால் நின்றவர் கூட வந்தவரிடம் புலம்பினார். இடுப்பு வலிக்கிற நாரிப்பிடிப்புக்கு ஒரு துருக்கி முடிவெட்டுக்காரரிடம் போய், கண்ணாடிக் குவளை கவிழ்த்து இரத்தம் இழுப்பித்திருக்கிறார். முதுகு வட்ட வட்டமாகக் கன்றிப்போய்விட்டதாம்.

"இப்ப டொக்டரிட்டை டேர்மின், வரச்சொல்லி நேரம் தந்திருக்கினம். சேர்ட்டைக் கழட்டச் சொன்னா?"

"ஆரோ அடிச்சதெண்டு பொலிசைக் கூப்பிடுவார். முதல்ல உன்ர மனிசியைத்தான் விசாரிப்பினம்," என்றார் கூட வந்தவர்.

"பகிடி விடாதேங்கோ. எனக்கு வெக்கமாக் கிடக்கு. நான் போகேல்லை."

அவர் குவளை கவிழ்த்த விதத்தைக் கையால் நடித்துக் காட்டியதை ஒரு வயதான ஜெர்மன் அம்மா பார்த்துக்கொண்டே இருந்தார்.

"இதை எங்கள் டொக்டரும் செய்வார்," என்றார் ஜெர்மனில். "நல்ல சுகம். ஆனால் வட்டங்கள் நேர் வரிசையில் இருக்கவேண்டும். உங்கள் முதுகில் எப்படி?"

வெட்கப்பட்டவர் சட்டென்று அவருக்கு முதுகைக் காட்டித் திரும்பி, பெட்டி முழுக்கப் பார்க்கச் சேர்ட்டைத் தூக்கினார்.