மூணாவது சீல்

எங்க எந்திரிக்கறீங்க மாப்ள, உக்காருங்க. வீல கழட்டியாச்சு, இன்னும் பத்து நிமிஷத்துல ஹப்பையும் உருவிடுவேன். அதுக்கப்பறம் வண்டியும் நகராது, நீங்களும் நகர முடியாது, நானும் நகர முடியாது. அந்த ஆயில் டின்ன கவுத்துப் போட்டு அது மேல உக்காருங்க. கறையெல்லாம் ஆகாது. சரி, கொஞ்சம் ஆகும். மாமனாரு மெக்கானிக்கா வாச்சா அதெல்லாம் பாக்க முடியுமா?

தெரியும். நீங்க வாயத் தொறக்கல, மூஞ்சி சொல்லுது. ஒரே மாசம், ஒரே வண்டி, அதே எடது பக்கத்துப் பின் வீலு, ஆயில அடைக்கற ரப்பர் சீலு, மூணாவது. இன்னிக்குக் காலைல ஸ்பேர்ஸ் கடைக்குப் போய் கேட்டேன், கடைக்காரர் ஒரு டஜனா வாங்கிட்டுப் போயிடுங்கண்ணே, அலையாம இருக்கலாம்ங்கறார். நம்ம வெல்டர் இருக்கானே, அவன் என்னப் பாத்தா அந்தக் கண்ணாடி மூடிய மாட்டிக்கறான், உள்ள சிரிக்கறதுக்கு. முப்பத்தோரு வருஷமா இந்தப் பட்டறைல படுத்து எந்திரிக்கறேன் மாப்ள. லாரி, பஸ்ஸு, ட்ராக்டர்னு போட்ட சீலுக்குக் கணக்கே இல்ல. ஒண்ணு திரும்பி வந்ததில்ல. உங்க லாரி மட்டும்தான்.

இல்ல இல்ல, வாட்ச்சப் பாக்காதீங்க, சாயங்காலத்துக்குள்ள முடிஞ்சிடும். எட்டாந்தேதி அங்க நிக்கணும், அதான? தெரியும். அணைக்கட்டு வேலை, பைப்பு ஏத்தணும், எட்டாந்தேதி வண்டி வரலன்னா வேற வண்டிய எடுத்துக்குவாங்க. இன்னிக்கு ஆறு. நாளைக்கு விடியக்காலைல கெளம்புனா சரியா இருக்கும். குடும்பத்தோட அங்கயே போயிடறீங்க, மாடிய பாத்தேன், பாயக்கூட சுருட்டிட்டீங்க. எம் பொண்ணு பாப்பா ஜன்னல் தெரைய அவுத்துட்டா. கீழ நின்னு பாத்தா அந்த ஜன்னல் என்னமோ கண்ணு புடுங்கின மாதிரி இருக்கு.

அந்த ட்ரேய இப்பிடித் தள்ளுங்க. இன்னும், இன்னும். ஆங். ஆக்சில உருவுனதும் ஆயில் கொட்டும், கால எடுத்துக்கோங்க. பாத்தீங்களா, எப்பிடி வருதுன்னு. இதான் மொத்தமும் பிரேக் ஷூவுல எறங்கி ஊறிக் கெடக்கு. போன தடவ ஷூவ கழுவிப் போட்டேன். இந்தத் தடவ ரெண்டு பக்கமும் புதுசு. கழுவற வேலையே வேணாம்.

சொல்லாதீங்க. அந்த மலை எறக்கத்துல நடந்ததப் பத்தி நேத்து பாப்பா சொன்னதே போதும். பிரேக்க மிதிச்சா வண்டி நிக்காம ஒரு பக்கமா இழுத்துச்சாம், நீங்க ஒரு மண்ணு மேட்டுல கொண்டு போய் ஏத்துனீங்களாம். நல்ல வேல பண்ணீங்க. வேற யாராவது ஸ்டியரிங்கப் புடிச்சிருந்தா… சரி விடுங்க. பேரக்குட்டிக்கு ஒதடு கிழிஞ்சதோட போச்சு. ரெண்டு தையல். தூங்கறப்போ பாத்தேன், அந்த ஒதடு வீங்கிப் போயிருக்கு. நான் ராத்திரி சாப்பிடல. உங்களுக்குத் தெரியாது, யாருக்கும் தெரியாது, தட்ட அப்பிடியே கழுவி வெச்சுட்டேன்.

குட்டி காலைல என்ன பண்ணுச்சு தெரியுமா? நான் பல்லு வெளக்கிட்டு நிக்கறேன், வந்து என் மூக்கையே அண்ணாந்து பாக்குது. என்னடான்னேன். தாத்தா, மூக்குல இருக்கறத இன்னிக்கே எடுத்துடணுமாம், பாட்டி சொல்லச் சொன்னாங்கங்குது. அந்த வீங்கின ஒதட்டோட. நானும் மூக்கத் தொடச்சுக்கிட்டேன், வேற என்ன பண்றது. சிரிக்கறீங்களா? சிரிங்க. நேத்துலருந்து நீங்க சிரிக்கவே இல்ல.

அப்பிடித்தான எங்க வீட்டுல சேதி போகுது. உங்களுக்குத் தெரியாததா. உங்கப்பாவ சாப்ட வரச் சொல்லு. உங்கம்மாகிட்ட சாவி எங்கன்னு கேளு. நான் இங்க, உங்க அத்த அங்க, மூணு அடி தூரம், நடுவுல பாப்பா. அவளுக்கு அலுத்துப் போனதும் குட்டி. வாய் வந்ததுலருந்து அந்தக் கொழந்த இந்த வேலதான் பாக்குது. நீங்க இந்த வீட்டுக்கு மாப்ளையா வந்து ஆறு வருஷம், ஒரு நாளும் என்ன மாமா சண்டன்னு கேட்டதில்ல. நல்ல மனுஷன் நீங்க. கேட்டிருந்தா சொல்லியிருப்பேன், யாரும் கேக்காததாலயே அது எனக்குள்ளயே கெடந்து துருப்புடிச்சுப் போச்சு.

சண்டையெல்லாம் ஒண்ணும் இல்ல மாப்ள. இதே வேலதான். ஏழு வருஷத்துக்கு முன்னாடி, ஒரு லாரி, பின் வீலு, இதே மாதிரி ஹப்பு கழட்டிப் போட்டிருக்கேன். அவளோட அண்ணன் தவறிட்டார்னு சேதி வருது. அவள வளத்த அண்ணன். அவ பட்டறை வாசல்ல வந்து நிக்கறா, வாங்க போலாம்ங்கறா. நான் என்ன சொன்னேன்? நீ முன்னாடி போ, இத மூடிட்டு வந்துடறேன்னேன். தொறந்து வெச்ச ஹப்ப அப்பிடியே விட்டா தூசி போகும்ல, பேரிங் போயிடும்ல. மெக்கானிக்குப் புத்தி. மூடிட்டு, கை கழுவிட்டு போறேன், எல்லாம் முடிஞ்சு எடுத்துட்டுப் போயிட்டாங்க. அவ தனியா செவுத்துல சாஞ்சு உக்காந்திருக்கா. என்னப் பாத்து, மூடிட்டீங்களான்னு கேட்டா. ஆங், மூடிட்டேன்னேன்.

அவ்வளவுதான். அதுதான் கடைசி.

மன்னிப்பா? கேக்கணும்னு நெனச்சேன். மொத நாள் கேட்டிருக்கணும். ஒரு வாரம் போச்சு, ஒரு மாசம் போச்சு, அதுக்கப்பறம் எப்பிடி ஆரம்பிக்கறதுன்னே தெரியல. துருப்புடிச்ச நட்டு மாதிரி, இப்ப ஸ்பானர் வெச்சா திருவாது, ஒடஞ்சுதான் போகும். அவளும் அப்பிடித்தான் நெனச்சிருப்பா. வீடு மட்டும் நல்லாத்தான் ஓடுச்சு, நீங்கெல்லாம் மேல இருந்ததால.

அந்த பெரிய சாக்கெட்ட எடுங்க. அதில்ல, அந்த எட்டு மூலை. ம். இந்த லாக் நட்டு எறங்கிட்டா ஹப்பு கைக்கு வந்துடும்.

மொத தடவ நீங்க கெளம்பினீங்களே, அன்னிக்கு நடந்தது உங்களுக்குத் தெரியாது. விடியக்காலைல நீங்க போயிட்டீங்க. நான் பட்டறைக்கு வரல, மனசில்ல. வீட்டுலயே இருந்தேன். அவ டீ போட்டு மேசைல வெச்சா. வெச்சுட்டு அப்பிடியே நிக்கறா. டீ ஆறுதுன்னு சொல்லணும். யார்கிட்ட சொல்லுவா? கொஞ்ச நேரம் அங்க இங்க பாத்தா. அப்பறம் ஃப்ரிட்ஜப் பாத்து, டீ ஆறுதுங்கறா. சத்தியமா மாப்ள. நானும் ஃப்ரிட்ஜப் பாத்து, குடிச்சுக்கறேன்னு சொல்றேன். ரெண்டு பேரும் அந்த ஃப்ரிட்ஜ் முன்னாடி நிக்கறோம். அப்பத்தான் எனக்குத் தோணுச்சு. இனி இப்பிடித்தானா? எனக்கு அறுபத்தி ரெண்டு, அவளுக்கு அம்பத்தெட்டு. ரெண்டு பேருக்கும் ஒடம்புல ஒரு நோவும் இல்ல. இன்னும் இருவது வருஷம் இந்த ரெண்டு ரூம்ல, இந்த ஃப்ரிட்ஜோட.

மத்தியானம் உங்க ஹாரன் சத்தம் கேட்டுச்சு. நாப்பது கிலோமீட்டர்லயே ஆயில் ஒழுகுதுன்னு திரும்பிட்டீங்க. எங்க வாசக் கதவு எவ்வளவு குறுகல்னு தெரியும்ல. நான் இந்தப் பக்கம் ஓடியாறேன், அவ அந்தப் பக்கம் ஓடியாறா, ரெண்டு பேரும் கதவுல இடிச்சு மாட்டிக்கிட்டோம். அவளும் பின்னாடி போகல, நானும் போகல. அவ மூஞ்சிய அவ்வளவு கிட்டக்க பாத்து ஏழு வருஷம் ஆச்சு. அவளுக்கு அழுகை வர்ற மாதிரி இருந்துச்சு. சந்தோஷத்துல.

ஆங், வந்துடுச்சு பாருங்க ஹப்பு. புடிங்க, கனமா இருக்கும், கீழ வைங்க. இப்ப சீல எடுக்கறேன். இந்தாங்க, வெளிச்சத்துல காமிச்சுப் பாருங்க. எங்கயாச்சும் கிழிஞ்சிருக்கா? தேஞ்சிருக்கா? வெரல ஒட்டிப் பாருங்க. புதுசு மாதிரி இருக்குல்ல? இதோ, சீல் உக்கார்ற எடம், கண்ணாடி மாதிரி இருக்கு. ஒரு கோடு இல்ல. பேரிங்கும் ஒண்ணும் ஆகல. மொத சீல் நெசமாவே போயிருந்துச்சு, பழசு. ரெண்டாவது, மூணாவது… சீல்ல தப்பே இல்ல மாப்ள.

அப்பறம் ஏன் ஒழுகுதுன்னு கேளுங்க. கேக்கணும்ல?

குனிஞ்சு உள்ள பாருங்க. ரெண்டு வீலுக்கும் நடுவுல வயிறு மாதிரி உப்பிக்கிட்டு இருக்கே ஹவுசிங், அதுக்கு மேல சின்னதா ஒண்ணு நீட்டிக்கிட்டு நிக்குதா? சுண்டு வெரல் மொனை அளவு. ப்ரீதர்னு சொல்லுவாங்க, எங்க பட்டறைல மூக்குன்னுதான் சொல்லுவோம். வண்டி ஓடி ஆயில் சூடானா உள்ள இருக்கற காத்து பெருக்கும். அது இந்த மூக்கு வழியா வெளிய போயிடணும். மூக்கு அடைச்சுக்கிச்சுன்னா காத்து எங்க போகும்? எங்க எளக்கமா இருக்கோ அங்க தள்ளும். ஆயிலோட சேத்து சீல மீறி வெளிய வரும். புது சீல் போட்டாலும் வரும், தங்கத்துல சீல் செஞ்சு போட்டாலும் வரும்.

மண்ணா? மண்ணுதான் அடைக்கும், வழக்கமா. சீல் ஒழுகுச்சுன்னா மெக்கானிக்கு மொதல்ல மூக்கத்தான் பாப்பான். நேத்து பொறந்த மெக்கானிக்கும் பாப்பான்.

கைய நீட்டுங்க. நீட்டுங்க மாப்ள. இதான் அது. காலைல, குட்டி சொன்னதும், பல்லு வெளக்கின கையோட வந்து எடுத்துட்டேன். ரப்பர் துண்டு. மொத தடவ கழட்டின பழைய சீல்லயே வெட்டினது, சரியா அந்த ஓட்ட அளவுக்கு.

ஆமா. நான்தான்.

திட்டுங்க. அடிக்கணும்னா அந்த ஸ்பானர எடுங்க, நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். லேசா கசியும், திரும்பி வருவீங்க, நாலு நாள் இருப்பீங்க, அந்த வேல வேற ஆளுக்குப் போயிடும், இங்கயே ஒண்ணு பாத்துக்கலாம். அவ்வளவுதான் யோசிச்சேன். பிரேக்க நான் யோசிக்கலன்னா நம்புவீங்களா? முப்பத்தோரு வருஷ மெக்கானிக்கு. யோசிச்சேன். நாமதான் ஷூவ கழுவிப் போட்டுட்டோமேன்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன். ரெண்டாவது தடவ வந்தப்போ எடுத்துடலாம்னு கீழ படுத்தேன். கை அது வரைக்கும் போச்சு, திரும்பி வந்துடுச்சு. குட்டி ஒதட்டப் பாத்ததுக்கு அப்பறம் என் மேல எனக்கே குமட்டுது.

பாப்பாகிட்ட சொல்லிடுங்க. என்னால முடியாது. நான் எங்க நேரா பேசிப் பழகினவன்.

இப்ப புது சீல் ஏத்தறேன், பாத்துக்கோங்க. மூக்கு தொறந்திருக்கு, இது ஒழுகாது, இந்தத் தடவ எங்க வேணும்னாலும் போலாம். மலைல எறங்குங்க, ஏறுங்க. நான் வேணும்னா அந்த எறக்கம் தாண்டற வரைக்கும் கூட உக்காந்து வர்றேன். அப்பறம் பஸ் புடிச்சு வந்துடுவேன். வீட்டுக்குத்தான், வேற எங்க போறது.

இல்ல, அதெப்பிடி அவளுக்குத் தெரியும்னு பாக்கறீங்க, அதான? மூக்குல இருக்கறத எடுக்கச் சொல்லி குட்டிய அனுப்புனாளே. தெரியாம என்ன. மொத சீல் மாத்தின அன்னிக்கு மத்தியானம் நீங்கெல்லாம் மாடில தூங்கறீங்க, நான் வண்டிக்கு அடியில படுத்துக்கிட்டு டார்ச்ச வாய்ல கவ்விக்கிட்டு அந்தத் துண்ட வெச்சுத் தள்ளறேன். ஒரு கை வந்து டார்ச்ச வாங்கிச்சு. வளையல் சத்தம் கேட்டுச்சு. தரைல முட்டி போட்டு, குனிஞ்சு, சரியா அந்த மூக்கு மேல வெளிச்சம் காட்டிக்கிட்டு இருந்தா உங்க அத்த. நான் தள்ளி முடிக்கற வரைக்கும் வெளிச்சம் ஆடல. அப்பத்தான் நேரா என்கிட்ட சொன்னா மாப்ள, ஃப்ரிட்ஜ்கிட்ட இல்ல, என்கிட்ட. ஏழு வருஷத்துல அவ்வளவுதான் சொன்னது, அதுக்கு முன்னாடியும் இல்ல, அப்பறமும் இல்ல.

இன்னும் கொஞ்சம் உள்ள தள்ளுங்க, வெளிய தெரியுதுன்னு சொன்னா.