ஜெனரேட்டர் பக்கத்துல அப்பா

இல்லண்ணே, உக்காரல்லாம் மாட்டேன். உக்காந்தா கோவம் எறங்கிரும். மொதல்ல நீங்க எடுத்துக் குடுத்த இந்த ஆல்பத்தப் பாருங்க. எங்க அக்கா கல்யாணம். ஜோடிச்ச நாற்காலி மட்டும் பதினோரு படத்துல இருக்கு. பக்கத்து வீட்டு நாய் மூணு படத்துல இருக்கு. பொண்ணப் பெத்தவரு ஒண்ணுலகூட இல்ல.

சிரிக்காதீங்க. நாய் அவ்வளவு புடிச்சிருந்தா கூட்டிட்டுப் போய் வளத்துக்கோங்க.

என்னது? சார் லைட்டு பக்கமே வரலியா? அப்பா எப்படிண்ணே வருவாரு? மண்டபம் வேண்டாம், நம்ம வீட்டுப் பின்னாடியே டென்ட்டு போட்டு நாமளே நடத்துவோம்னு ஆசப்பட்டாரு. போட்டாச்சு. ஒரே ஒரு ஜெனரேட்டர். உங்க ரெண்டு பெரிய லைட்டும், சாப்பாட்ட சூடா வச்சிருக்குற நாலு பெட்டியும் ஒண்ணா எரிஞ்சா டப்புனு எல்லாம் போயிரும். மொதப் படத்துக்கே போச்சுல்ல? நீங்க கத்துனீங்களே, ஐயையோ என் லைட்டு, என் லைட்டு, வாங்கி இன்னும் ஒரு மாசங்கூட ஆவலியேன்னு.

ஆமா, உங்க குரல்லதான் பேசிக் காட்டுனேன். மூக்கால இழுக்காம உங்கள மாதிரி எப்படிப் பேசுறது? ஹெட்மாஸ்டர் குரல்ல மைக்ல பேசி ஸ்கூலுக்கே அரை நாள் லீவு விட்டவ நான்.

அந்தப் பக்கம் சமையல்காரரு. நாங்க வச்ச பேரு சூடு மாமா. ஏங்க, சூடு ஆறுதுங்க, சோறு கல்லாப் போயிரும்ங்க, வந்தவங்க உங்க போட்டோவயா திம்பாங்கன்னு தொண்ட கிழியக் கத்துறாரு. நீங்க சும்மா இருந்தீங்களா? என் படம் நூறு வருஷம் இருக்கும்யா, உன் சோறு நாளைக்குக் காலைல எங்க இருக்கும்னு கேட்டீங்க! கல்யாண வீட்டுல கேக்குற கேள்வியாண்ணே அது?

ரெண்டு பேருக்கும் நடுவுல எங்கப்பா. நீங்க போன் போட்டா சாப்பாட்டுப் பெட்டிய அணைக்கணும், படம் முடிஞ்சதும் திரும்பப் போடணும். நகர முடியல. நகந்தா சூடு மாமா ஆளுங்க ஓடி வந்து ஸ்விட்சப் போட்டுருவாங்க. இந்த ஆல்பத்துல இவ்வளவு பளிச்சுனு இருக்கே, ஒவ்வொரு படத்துக்கும் டென்ட்டுக்குப் பின்னாடி ஜெனரேட்டர் பக்கத்துல அவரு நின்னிருக்காரு. புதுச்சட்டை கவரோட கயித்துல தொங்குது, புகை படக்கூடாதுன்னு. உங்ககிட்ட என்ன கேட்டாரு? தம்பி, குடும்பப் படத்துக்கு மட்டும் ஒரு கூப்பாடு போடுங்க, சட்டைய மாத்திட்டு ஓடி வந்துடுறேன். அது ஒண்ணுதானே கேட்டாரு?

கூப்பிட்டீங்களா? யாரு வேணாலும் சொல்லலாம் கூப்பிட்டேன்னு.

சரி, அப்பா போன எடுத்துப் பேசுனாருன்னே வச்சுக்குவோம். நீங்க எடுங்க தம்பி, நான் அப்புறமா நின்னுக்கிறேன்னு சொன்னாருன்னே வச்சுக்குவோம். உங்களுக்கு யோசனை வேண்டாம்? கல்யாணத்தன்னைக்குப் பொண்ணு பக்கத்துல நிக்க எந்த அப்பாண்ணே அப்புறமான்னு சொல்லுவாரு? இன்னொரு தடவ கேட்டிருக்கலாம்ல? நாலு எட்டு நடந்து வந்து பாத்திருக்கலாம்ல? உடனே சரிங்க சார்னு வச்சுட்டு, பளிச் பளிச்சுனு எடுத்துத் தள்ளியாச்சு!

சாயங்காலமே அக்காவும் அத்தானும் ஏர்போர்ட் போயிட்டாங்க. இனி ரெண்டு வருஷம் கழிச்சுத்தான் வருவாங்க. நேத்து அப்பா ஆல்பத்த கடைசிப் பக்கம் வரைக்கும் பொறுமையா பொரட்டுனாரு. நல்லா வந்திருக்குன்னாரு. அப்புறம் மறுபடியும் மொதல்லேந்து பொரட்டுனாரு. தம்பிக்கு அன்னைக்கு வேல ஜாஸ்தி, பாவம், மறந்திருப்பாருன்னு உங்களுக்கே வக்காலத்து வேற. அம்மா அப்படியில்ல. சொந்தக்காரங்க ஒருத்தர் விடாம போன் போட்டுச் சொல்லிட்டாங்க, அவன் கேமரா நம்ம தெருவுக்குள்ளயே வரக்கூடாதுன்னு.

ஆமா, எல்லார்கிட்டயும்தான். அத்த வீட்டுக் கல்யாணமும் உங்களுக்கு இல்ல.

எதுக்கு இப்ப போன எடுக்குறீங்க? அப்பாவுக்கா? வேண்டாம். அவரத் தொந்தரவு பண்ணாதீங்க. அண்ணே, சொல்றேன்ல, வைங்க கீழ!

தெரியும். நீங்க கூப்பிட்டது உங்க போன்ல பதிஞ்சிருக்கும்னு தெரியும். பன்னெண்டு நாப்பதுக்கு. பத்தொம்பது செகண்டு. அப்பா போன்ல இருக்காது, அழிச்சாச்சு.

யாரு அழிச்சாங்களா?

சூடு மாமா தண்ணி ட்ரம் தூக்கக் கூப்பிட்டாருன்னு அப்பா போனையும் ஸ்விட்சையும் என்கிட்ட குடுத்துட்டுப் போனாரு. சித்தப்பா பொண்ணுங்க ரெண்டும் பக்கத்துல. யாரு குரலடி அடுத்துன்னு கேட்டுச் சிரிச்சிட்டிருக்காங்க. அப்ப நீங்க கூப்பிட்டீங்க. எடுங்க தம்பி, நான் அப்புறமா நின்னுக்கிறேன். அச்சு அசல் அப்பா குரல்தானே? அதான் அன்னைக்கு நீங்க கேட்டது. திரும்பக் கூப்பிடுவீங்கன்னு நெனச்சேண்ணே. சத்தியமா. அப்பா வந்து யாராச்சும் கூப்பிட்டாங்களாம்மான்னு கேட்டாரு. அதுக்குள்ள போன்லேந்து அழிச்சிட்டேன், இல்லப்பான்னேன். நாலு தடவ கேட்டாரு.

என்னை எதுக்கு அப்படிப் பாக்குறீங்க? திட்டுங்க. அப்பா மாதிரி நீங்களும் பாவம்னு சொல்லித் தொலைக்காதீங்க.

போடுங்க போன. ஸ்பீக்கர் வேண்டாம். இல்ல, நீங்க பேசாதீங்க, குடுங்க இங்க.

அப்பா? நான்தான். போட்டோக் கடைக்குத்தான் வந்தேன். இல்லப்பா, சண்டையெல்லாம் போடல. இல்லப்பா, வெளையாட்டில்ல, இது என் குரல்தான்.